அப்பா சொன்ன படகு

தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோர ஊர்களில் விசாரித்துப் பாருங்கள். அறுபதை ஒட்டிய வயதில் ஒரு கென்னடியாவது அகப்படுவார். 1963 நவம்பர் 22 அன்று டாலஸ் நகரில் அமெரிக்க ஜனாதிபதி சுடப்பட்டு இறந்தபின், தமிழ்நாட்டில் பல பெற்றோர் தங்களுக்குப் பிறந்த ஆண்பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். 1966-ல் பிறந்த நடிகர் விக்ரமின் இயற்பெயரும் கென்னடிதான். எங்கள் வீட்டில் என் கடைசித் தம்பி கென்னடி. திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில், பத்திரிகையிலிருந்து வெட்டிச் சட்டம் போட்ட ஜான் எஃப். கென்னடியின் படமும் பல வருஷம் தொங்கியது.

அப்பா தோணித்துறையில் கணக்கு எழுதியவர். கொழும்புக்குப் போகும் தோணிகளின் சரக்கும் கூலியும் அவர் பேரேட்டில்தான் ஏறும். அவருக்கு அரசியலைவிடப் படகு பெரிது. கென்னடியை அவர் நேசித்ததே ஒரு படகுக் கதைக்காகத்தான். மதுரைக்குப் போயிருந்தபோது ஓர் ஆங்கிலப் படம் பார்த்துவிட்டு வந்து, திண்ணையில் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். நடுச்சாமத்தில் ஒரு பெரிய ஜப்பான் கப்பல் சின்னப் படகு ஒன்றை இரண்டாகப் பிளந்துவிட்டது. படகின் இளம் கேப்டன், தீக்காயம் பட்ட ஒருவரின் மிதவைச் சட்டை வாரைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டு மணிக்கணக்கில் நீந்தித் தீவு சேர்ந்தான். தேங்காயில் செதுக்கிச் சேதி அனுப்பி எல்லாரையும் காப்பாற்றினான். அந்தக் கேப்டன்தான் பிறகு ஜனாதிபதி.

அக்கா கேட்டாள்: "தேங்காயை யாருப்பா கொண்டுபோய்க் கொடுத்தது?"

"அந்த ஊர்க்காரங்க யாரோ ரெண்டு பேரும்மா."

படகின் பெயர் பி.டி. 109. அன்று எங்களுக்குக் கிடைத்த கதை அவ்வளவு. அதற்குப் பிறகு வேலை, கப்பல் துறை, பிள்ளைகள் படித்த அமெரிக்க ஊர்கள் என்று வாழ்க்கை எங்கெங்கோ போனாலும், அந்தப் படகைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் விடாமல் படித்துவந்தேன். படிக்கப் படிக்க அந்தத் தனி ஆள் கதை விரிந்துகொண்டே போனது. இன்று நான் அறிந்திருக்கும் கதை அப்பா சொன்னதைவிடப் பெரியது. அவர் இருந்திருந்தால் இதைத்தான் அதிகம் விரும்பியிருப்பார்.

முதலில் படகைச் சொல்ல வேண்டும். நியூஜெர்சியில் பேயோன் என்ற ஊரில் இருந்த எல்கோ கம்பெனியின் பட்டறையில் 1942 மார்ச்சில் அதற்கு ஏரா வைத்தார்கள். ஜூனில் தண்ணீரில் இறக்கி, ஜூலையில் கடற்படையிடம் ஒப்படைத்தார்கள். நான்கே மாதம். நீளம் 80 அடி, அகலம் 20 அடிக்குச் சற்று மேல். இந்தப் படகுகளை ஒட்டுப்பலகைப் படகு என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. ஓர் அங்குலக் கனமுள்ள மஹாகனிப் பலகைகளைக் குறுக்குச்சாய்வாக ஓர் அடுக்கு, அதன்மேல் பசை ஊறிய கித்தான், அதன்மேல் மறுபடியும் மஹாகனி. தோணி கட்டுகிற மேஸ்திரிகளிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். நடுவில் கித்தானா என்று கேட்டுவிட்டு, யோசித்து, தலையாட்டினார்கள். அலையில் அடிபடும்போது மரம் வளைந்து கொடுக்கும், ஒழுகாது. உடைந்தால் பட்டறை இல்லாத தீவில்கூட ஒரு தச்சர் பலகை வைத்துத் தைத்துவிடலாம்.

உள்ளே மூன்று பேக்கார்ட் இயந்திரங்கள், ஒவ்வொன்றிலும் 12 சிலிண்டர். ஆகாய விமானங்களுக்கு ஊற்றுகிற உயர்ரகப் பெட்ரோலில் ஓடுபவை. தொட்டியில் 3,000 காலன், அதாவது 11,000 லிட்டருக்கு மேல். பாரம் குறைவாக இருந்தால் 40 நாட் வேகம் எட்டும். ஆனால் அதில் ஏறுகிற ஒவ்வொருவரும் ஒரு பெட்ரோல் குளத்தின்மேல் இருப்பதை அறிந்தேதான் ஏறினார்கள். எஃகுக் கவசம் கிடையாது. வேகமும் இருட்டும்தான் காப்பு.

பி.டி. என்ற பெயரில் 'டி'யாக நிற்கும் டார்பிடோவைப் பற்றிச் சொன்னால்தான் இந்த மனிதர்களிடம் என்ன கொடுத்து அனுப்பினார்கள் என்பது விளங்கும். நான்கு குழாய்களில் இருந்த மார்க் 8 டார்பிடோ முதல் உலகப் போர்க் காலத்து வடிவம். அதன் வேகம் 27 நாட். அது துரத்த வேண்டிய ஜப்பானிய நாசகாரிக் கப்பல்களோ 35 நாட்டுக்கு மேல் ஓடக்கூடியவை. குழாயிலிருந்து அதை வெளியே தள்ளுவதற்குக் கருமருந்து. குழாயின் உள்ளே மசகு. மருந்து வெடிக்கும்போது மசகு பற்றிக்கொண்டால் இருட்டில் பந்தம் கொளுத்தியதுபோல எதிரிக்கு இடம் தெரிந்துவிடும். இளைஞர்களிடம் இப்படி ஓர் ஆயுதத்தைக் கொடுத்து இரவுக்கிரவு அனுப்பிய நிர்வாகத்தின்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

கென்னடி வருவதற்கு முன்பே இந்தப் படகு போரின் கடுமையான பகுதி ஒன்றைப் பார்த்துவிட்டது. அதைப் பேசுவார் இல்லை. 1942 இறுதியில் சாலமன் தீவுகளின் துளகி தளத்துக்கு வந்துசேர்ந்தது. எதிர்க்கரையில் குவாடல்கனால். ஜப்பானியர் இரவில் நாசகாரிக் கப்பல்களில் ஆளும் அரிசியும் கொண்டுவந்து இறக்குவார்கள். மரப்படகுகள் போய் மறிக்கும். ரோலின் வெஸ்ட்ஹோம் தலைமையிலும் பிறகு பிரையன்ட் லார்சன் தலைமையிலும் 109 அந்த ரோந்துகளில் சுற்றியது. 1943 பிப்ரவரி தொடக்கத்தில், ஜப்பானியர் குவாடல்கனாலைக் காலிசெய்த நாட்களில், ஒரே இரவில் மூன்று பி.டி. படகுகள் போயின. 109 தப்பியது. ஏப்ரல் கடைசியில் 25 வயது லெப்டினன்ட் ஜான் கென்னடி பொறுப்பேற்றபோது அது களைத்துப்போன படகு. அவரும் அவருடைய புதிய ஆட்களும் சுரண்டி, தேய்த்து, வண்ணம் பூசி அதை மறுபடி கடலுக்குத் தயார்செய்தார்கள். இந்த வேலை எந்தப் படத்திலும் பெரிதாக வராது. படகுக்காரர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஜூலையில் ரெண்டோவாத் தீவின் பக்கத்தில் லுபாரியா என்ற சின்னத் தீவுத் தளத்துக்குப் போனார்கள். அங்கிருந்த நாட்களில் ஒரு குண்டு பக்கத்தில் விழுந்து ஆட்களில் இருவர் காயம்பட்டார்கள். ஆண்ட்ரூ கர்க்ஸி என்பவருக்கு அன்றிலிருந்து தான் சாகப்போகிறோம் என்ற எண்ணம் மனத்தில் குடியேறிவிட்டது. மற்றவர்கள் எவ்வளவு சொல்லியும் அது போகவில்லை.

ஆகஸ்ட் 1 அன்று பகலில் ஜப்பானிய விமானங்கள் தளத்தைத் தாக்கின. இரவில் நாசகாரிக் கப்பல்கள் கொலம்பங்கரா தீவுக்குச் சரக்கும் சிப்பாய்களும் கொண்டுவரப்போகின்றன என்ற தகவல் வந்தது. 15 பி.டி. படகுகள் கிளம்பின. புறப்படுவதற்குமுன் 109-ன் முன்தளத்தில் ஒரு 37 மி.மீ. பீரங்கியைக் கட்டைகள் வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். இடம் போதவில்லை என்று உயிர்காப்பு மிதவையை இறக்கிவிட்டார்கள். பீரங்கி அன்றிரவு ஒரு தடவைகூடச் சுடவில்லை. அதைத் தாங்கிய கட்டைதான் மறுநாள் நீந்தத் தெரியாதவர்களுக்கு மிதவையாக ஆயிற்று.

அன்றிரவு நடந்ததைத் தோல்வி என்றே சொல்ல வேண்டும். ராடார் இருந்தது நான்கே படகுகளில். 109-ல் இல்லை. அதன் குழுத்தலைவர் இருந்த 159-ஆம் படகு ராடாரில் கப்பல்களைக் கண்டு டார்பிடோ விட்டது. நான் முன்பு சொன்ன கோளாறு நேர்ந்து குழாயில் தீப்பற்றியது. கப்பல்கள் சுட ஆரம்பித்தன. டார்பிடோ தீர்ந்ததும் 159 தளத்துக்குத் திரும்பிவிட்டது. ராடார் படகு போனபின் எஞ்சிய படகுகள் கண்ணை மட்டும் நம்பி இருட்டில் நின்றன. மொத்தத்தில் அந்த இரவு சுமார் 30 டார்பிடோக்கள் விடப்பட்டன. ஒன்றுகூடப் படவில்லை.

பின்னிரவு சுமார் இரண்டரை மணி. நிலா இல்லை. 109 நடு இயந்திரத்தை மட்டும் மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கடலில் தண்ணீர் கலங்கினால் பச்சையாக ஒளிவிடும். மேலே திரியும் விமானத்துக்கு அது போதும். எங்கள் கடலிலும் சில மாதங்களில் துடுப்பு விழுந்த இடமெல்லாம் அப்படி மின்னும். வலது பக்கத்தில் ஒரு நிழல் தெரிந்தது. முதலில் அதை இன்னொரு பி.டி. படகு என்று நினைத்தார்கள். சரக்கை இறக்கிவிட்டு முழு வேகத்தில் திரும்பிக்கொண்டிருந்த அமகிரி என்ற நாசகாரிக் கப்பல் அது. பத்து விநாடிகூடக் கிடைக்கவில்லை. ஒற்றை இயந்திரத்தில் நகரும் படகைத் திருப்ப முடியாது. கப்பல் மோதிக் கிழித்துக்கொண்டு போனது. கர்க்ஸியும், புதிதாகச் சேர்ந்திருந்த 19 வயது ஹாரோல்ட் மார்னியும் அத்துடன் போய்விட்டார்கள். உடல்கள் கிடைக்கவேயில்லை.

எல்லாரும் பிழைத்தார்கள் என்று அப்பா சொன்னதாகத்தான் எனக்கு நினைவு. ஒருவேளை பிள்ளைகளுக்காகச் சாவை விட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

இயந்திர அறையில் இருந்தவர் பேட்ரிக் மெக்மஹன். குழுவில் மூத்தவர், அதனால் எல்லாருக்கும் 'பாப்பி'. தீ அவர்மேல் பாய்ந்தபின் கப்பலின் சுழலிகளுக்கு அடியில் தண்ணீர் அவரை இழுத்துக்கொண்டு போய், எரியும் பெட்ரோலின் நடுவே மேலே தள்ளியது. முகமும் கைகளும் வெந்துபோயின. பதினொரு பேரும் மூழ்காமல் மிதந்த அணியத்தின்மேல் ஒருவரையொருவர் இழுத்துப்போட்டுக்கொண்டு மறுநாள் மதியம்வரை தொற்றிக்கிடந்தார்கள். மற்ற படகுகள் தீயைப் பார்த்துவிட்டு, யாரும் பிழைத்திருக்க மாட்டார்கள் என்று போய்விட்டன. தளத்திலும் அவர்களை இறந்தவர்களாகவே எண்ணினார்கள்.

அணியமும் கவிழத் தொடங்கியதும் நீந்த முடிவுசெய்தார்கள். மூன்றரை மைல். கென்னடி ஹார்வர்டில் நீச்சல் அணியில் இருந்தவர். முதுகுக் கோளாறும் உண்டு. மெக்மஹனின் வாரைப் பல்லில் கடித்து இழுத்தது உண்மைதான். நான்கைந்து மணி நேரம் அப்படி நீந்தினார். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அதே நேரத்தில் மற்ற ஒன்பது பேர் அந்தப் பீரங்கிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு காலால் உதைத்து உதைத்து வந்தார்கள். துணை அதிகாரி லெனர்ட் தாம் அவர்களை ஒருவரும் நழுவாமல் நடத்தி வந்தார். வெந்த கைகளோடு உப்புத் தண்ணீரில் மல்லாந்து, முனகாமல் இழுபட்ட மெக்மஹனின் வீரத்தை எதனால் அளப்பது?

சேர்ந்த தீவு கசோலோ. சுற்றிவரச் சில நிமிடம் போதும். குடிக்கத் தண்ணீர் இல்லை. மழை பெய்தபோது இலையை நக்கினார்கள். பறவை எச்சத்தால் கசந்தது. அன்றிரவே கென்னடி விளக்கை எடுத்துக்கொண்டு, பி.டி. படகுகள் வரக்கூடிய கால்வாய்க்கு நீந்திப்போய் நின்றார். படகு வரவில்லை. நீரோட்டம் அவரை அடித்துக்கொண்டு போய் விடியும்வரை அலைக்கழித்தது. அடுத்த இரவு ஜார்ஜ் ராஸ் போனார். அவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. ராஸ் இந்தப் படகின் ஆளே இல்லை. தன் படகை இழந்திருந்ததால் அன்றிரவு கூட வருகிறேன் என்று ஏறியவர். ஆகஸ்ட் 4 அன்று தேங்காய் இருக்கும் ஒலசனா தீவுக்கு எல்லாரும் மறுபடி நீந்தினார்கள்.

இனி அந்த இருவர். பியூக்கு காசா, எரோனி குமானா. சாலமன் தீவின் இளைஞர்கள். நேச நாடுகளின் கடலோரக் காவலர்களுக்கு வேவு பார்த்தவர்கள். கொலம்பங்கரா எரிமலைச் சரிவில் ஒளிந்திருந்து கண்காணித்த ரெக் எவன்ஸ் என்ற ஆஸ்திரேலியர் அன்றிரவு கடலில் தீயைப் பார்த்திருந்தார். 109 காணவில்லை என்ற தகவல் வந்ததும் வேவுக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார். ஜப்பானியர் கையில் அகப்பட்டால் அவர்களுக்குச் சாவுதான். போர் அவர்களுடையது இல்லை. அவர்கள் கடலுக்குள் இரண்டு வெளிநாடுகள் வந்து மோதிக்கொண்டிருந்தன. அப்படியிருந்தும் ஒரு சின்ன வள்ளத்தில் தீவு தீவாகத் தேடினார்கள்.

நாரு என்ற தீவில் உடைந்துகிடந்த ஜப்பானியப் படகின் அருகே, அங்கு வந்திருந்த கென்னடியையும் ராஸையும் தூரத்தில் கண்டு ஜப்பானியர் என்று பயந்து விலகினார்கள். திரும்பும் வழியில் ஒலசனாவில் மற்றவர்களைச் சந்தித்தார்கள். லெனர்ட் தாம் அவர்களுக்குத் தாங்கள் யார் என்று புரியவைத்தார். தாம் பென்சிலால் ஒரு சீட்டு எழுதினார். தேங்காயில் எழுதலாம் என்று சொன்னது காசா என்றும், மரமேறித் தேங்காய் பறித்துவந்தது குமானா என்றும் அவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். தேங்காய் மூடியில் கென்னடி கத்தியால் செதுக்கினார்: பதினொரு பேர் உயிருடன் இருக்கிறோம், இடம் இவர்களுக்குத் தெரியும், சிறிய படகு தேவை.

அந்தச் சேதியோடு இருவரும் துடுப்புப் போட்டார்கள். ரெண்டோவா முப்பத்தைந்து மைலுக்கு மேல். வழியெங்கும் ஜப்பானியக் காவல். இடையில் வனவனா தீவில் பென் கெவு என்ற தோழரிடம் விஷயத்தைச் சொல்லி எவன்ஸுக்கு ஆள் அனுப்பச் செய்தார்கள். ஜான் காரி என்பவரைச் சேர்த்துக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார்கள். இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது இந்தத் துடுப்புப் பயணம்தான். நீந்தியவர்கள் தங்கள் உயிருக்காகவும் தங்கள் தோழருக்காகவும் நீந்தினார்கள். இவர்கள் அதற்குமுன் பார்த்தேயிராத பதினொரு பேருக்காகத் தங்கள் உயிரைக் கொண்டுபோனார்கள்.

எவன்ஸ் ஏழு தீவுக்காரர்களைப் பெரிய வள்ளத்தில் உணவோடு அனுப்பினார். அவர்கள் அடுப்பு மூட்டிச் சமைத்துக் கொடுத்து, காயம்பட்டவருக்குக் குடிசை கட்டி, கென்னடியை வள்ளத்தின் அடியில் படுக்கவைத்து இலைதழைகளால் மூடி, ஜப்பானிய விமானம் மேலே பறக்கும்போதே கூட்டிப்போனார்கள். ஆகஸ்ட் 8 விடியற்காலையில் பி.டி. 157 வந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டது. ஒரு வாரத்துக்கு முன் அந்த இரவில் 109-ன் குழுவில் கிளம்பிய படகு அது.

109-ன் சேவை வரலாறு இத்துடன் தீர்ந்தது. பன்னிரண்டு மாதத்துக்குச் சற்று மேல். அது எதிரிக் கப்பல் எதையும் மூழ்கடித்ததாகப் பதிவு இல்லை.

கென்னடி ஊருக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. டார்பிடோக் குழாய்களைக் கழற்றிப் பீரங்கிப் படகாக மாற்றிய பி.டி. 59-ஐ ஏற்றார். 109-ல் இருந்த சிலரும் அவரோடு சேர்ந்தார்கள். 1943 நவம்பர் 2 அன்று சொய்சுல் தீவில் ஜப்பானியரால் சூழப்பட்ட அமெரிக்க மரைன்களை அந்தப் படகு போய்க் கரையிலிருந்து மீட்டது. காயம்பட்ட மரைன் ஒருவர் கென்னடியின் படுக்கையிலேயே இறந்தார். ஒரு தளபதியின் சேவை என்று பார்த்தால் 59-ன் கணக்கு 109-ஐவிடக் கனமானது. ஆனால் 59 என்ற எண் யாருக்கும் தெரியாது.

109 புகழ்பெற்றதற்கு எழுத்தும் பணமும் காரணம். 1944 ஜூனில் ஜான் ஹெர்ஸி 'நியூயார்க்கர்' பத்திரிகையில் இதை எழுதினார். இரண்டு வருஷம் கழித்து ஹிரோஷிமாவைப் பற்றி எழுதிய அதே ஹெர்ஸி. 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' அதைச் சுருக்கி வெளியிட்டது. 1946-ல் கென்னடி முதன்முதலாகத் தேர்தலில் நின்றபோது அவருடைய தந்தை அதன் பிரதிகளைப் பெரும் எண்ணிக்கையில் அடித்துத் தொகுதியெங்கும் கொடுத்தார். அந்த ஆண்டுதான் லெனர்ட் தாம் விபத்தில் இறந்தார். 1960 தேர்தலில் படகு வடிவ டை ஊசி. 1963-ல் படம். கிளிஃப் ராபர்ட்சன் கென்னடியாக நடித்தார். சாலமன் கடலுக்குப் பதிலாக ஃபுளோரிடாத் தீவுகள். அதைத்தான் அப்பா மதுரையில் பார்த்தார். கென்னடி மட்டும் இதைத் தன் பெருமையாகப் பேசவில்லை. எப்படி வீரரானீர்கள் என்று கேட்டவர்களுக்கு, படகை மூழ்கடித்துவிட்டார்கள், வேறு வழியில்லை என்ற பொருளிலேயே பதில் சொன்னார்.

1961 ஜனவரி 20 அன்று வாஷிங்டனில் பதவியேற்பு ஊர்வலம். 109 என்று எண் எழுதிய ஒரு பி.டி. படகு வண்டியில் ஏறிவந்தது. பழைய ஆட்கள் அதில் நின்று கையசைத்தார்கள். உண்மையில் அது பி.டி. 796, போர் முடியும் தறுவாயில் கட்டி, சண்டையே பார்க்காத படகு. காசாவுக்கும் குமானாவுக்கும் அழைப்புப் போயிருந்தது. அவர்கள் வாஷிங்டன் போய்ச்சேரவில்லை. சாலமன் அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. எவன்ஸ் 1961-லும் பென் கெவு 1962-லும் வெள்ளை மாளிகைக்குப் போய்க் கென்னடியின் கையைக் குலுக்கினார்கள். தேங்காயைச் சுமந்த இருவருக்கு மட்டும் அது கிடைக்கவே இல்லை. அப்பா அன்று திண்ணையில் "யாரோ ரெண்டு பேர்" என்று சொன்னது அவர் குற்றமில்லை. உலகத்துக்குக் கதை அப்படித்தான் போய்ச்சேர்ந்தது.

அமகிரியின் தளபதி கொஹெய் ஹனாமி போருக்குப் பிறகு கென்னடிக்குக் கடிதம் எழுதினார். வேண்டுமென்றேதான் மோதினேன் என்று அவர் சொன்னார். அதே கப்பலில் இருந்த மேலதிகாரி யமஷிரோ, விலகப் பார்த்தும் மோதிவிட்டது என்றார். எதுவானாலும், ஒருவர் படகை மற்றவர் பிளந்த இரண்டு மாலுமிகள் பின்னாளில் நலம் விசாரித்து எழுதிக்கொண்டார்கள். அமகிரி 1944 ஏப்ரலில் மகாசர் நீரிணையில் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது.

மற்ற பி.டி. படகுகளின் முடிவை நினைக்கும்போதுதான் எனக்கு மனம் பொறுப்பதில்லை. போர் முடிந்ததும் பிலிப்பைன்ஸில் சமார் தீவின் கரையில் நூற்றுக்கும் மேற்பட்ட படகுகளை இயந்திரமும் ஆயுதமும் கழற்றிவிட்டு வரிசையாகக் கொளுத்தினார்கள். அத்தனையும் மஹாகனி. ஊருக்குக் கொண்டுவரச் செலவு அதிகம், பராமரிக்க ஆளில்லை என்று கணக்கு. கணக்கு சரியாக இருக்கலாம். ஒரு மரப்படகு உருவாகப் போகும் கையுழைப்பைச் சிறுவயதிலிருந்து பார்த்த எவருக்கும் அந்தப் புகைப்படத்தைப் பார்க்கச் சகிக்காது. அங்கிருந்த மீனவர்களுக்காவது கொடுத்திருக்கலாம்.

2002 மே மாதம், டைட்டானிக்கைக் கண்டுபிடித்த ராபர்ட் பல்லார்ட், 109 உடைந்த பிளாக்கெட் நீரிணையில் அதைத் தேடினார். சுமார் 1,200 அடி ஆழத்தில் ஒரு டார்பிடோக் குழாயும் டார்பிடோவும் மணலில் புதைந்தபடி கிடந்தன. அமெரிக்கக் கடற்படை 109-ன் பாகம்தான் என்று ஏற்றது. மேலே தூக்கவில்லை. இரண்டு பேர் போன இடம் என்பதால் தொடாமல் விட்டார்கள். அது நல்ல முடிவு. படகில் இருந்தவர்களில் கடைசிவரை உயிரோடிருந்த ஜெரார்ட் சின்சர் அதற்கு முந்தைய ஆண்டு இறந்திருந்தார். அந்தப் பயணத்தின்போது கென்னடியின் தம்பி ராபர்ட்டின் மகன் மேக்ஸ், காசாவையும் குமானாவையும் தேடிப்போய்ச் சந்தித்தார். ஐம்பத்தொன்பது வருஷம் கழித்து அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவர் அவர்கள் வாசலுக்குப் போனார். காசா 2005-ல் இறந்தார். குமானா 2014 ஆகஸ்ட் 2 அன்று, படகு உடைந்த அதே தேதியில். கசோலோவை இன்று வரைபடத்தில் கென்னடித் தீவு என்று போடுகிறார்கள். தீவுக்காரர் இருவர் பெயரில் ஒரு தீவு இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தேங்காய் பாஸ்டனில் இருக்கிறது. கென்னடி அதை மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் பதித்துத் தன் மேசைமேல் வைத்திருந்தார். இப்போது கடலோரத்தில் உள்ள கென்னடி நூலகத்தில். மகன் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். எங்கள் ஊரில் துருவிவிட்டு எறிகிற அளவுள்ள மூடி. எழுத்து இன்னும் தெரிகிறது. பக்கத்தில் நின்ற இளம் பெண் ஒருத்தி தன் குழந்தையிடம் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். காசா, குமானா என்று இரண்டு பெயரையும் சொன்னாள்.

பாஸ்டன் பக்கம் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தமிழ்ப் பெற்றோர் இப்போது ஏராளம். போனால் அந்த நூலகத்தோடு நிறுத்திவிடாதீர்கள். தெற்கே ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் ஃபால் ரிவர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே கப்பல் அருங்காட்சியகத்தில் இரண்டு பி.டி. படகுகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். எல்கோ கட்டிய 617 ஒன்று. ஊர்வலத்தில் 109-ஆக வந்த 796 மற்றொன்று. முதலில் 617-ன் பக்கத்தில் நின்று பாருங்கள். மெக்மஹன் இருந்த இயந்திர அறை எவ்வளவு சிறியது, கர்க்ஸிக்கும் மார்னிக்கும் அந்த இருட்டில் கடலுக்கும் தங்களுக்கும் நடுவே எத்தனை அங்குல மரம் இருந்தது என்பதெல்லாம் அங்கேதான் விளங்கும். பேரப்பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள்.